கரையிற துகளும் கம்பெனிச் சாப்பாடும்

மேசைமேல படுத்திருந்த நாய் வாந்தி எடுத்துச்சு. வாந்தியில கொண்டக்கடலைச் சுண்டல் கிடந்துச்சு, தேங்காய்ச் சில்லோட.

நாய் பேரு சிங்கம். ஒன்பது வயசு ராஜபாளையம். அதைக் கூட்டிட்டு வந்தவரு காளிராஜ், தீப்பெட்டி லோடு ஏத்துற லாரி டிரைவர். கருப்பு வேட்டி, கழுத்துல மாலை, நெத்தி நிறைய சந்தனம். சுண்டலைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, அப்புறம் ஜன்னலைப் பார்த்தாரு.

"எங்க போய்த் தின்னுச்சோ தெரியல சாமி" அப்படின்னாரு.

நான் அந்தக் கால்நடை ஆஸ்பத்திரியில பராமரிப்பு உதவியாளர். பேரு வெயிலுமுத்து. எந்த ஊருங்கிறது வேண்டாம், கரிசக்காட்டுப் பக்கம்னு வச்சுக்கோங்க. இருபத்தாறு வருசமா நாய் வாயைக் கட்டுறதும் மாட்டு வாலைப் பிடிக்கிறதுமா ஓடிருச்சு. ஆனா அந்த வருசம் கார்த்திகையில நடந்தது மாதிரி முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

எங்களுக்குப் புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருந்தாங்க. பேரு அனுசூயா. கோயம்புத்தூர்ப் பக்கம், பேச்சுல ஒரு 'ங்க' ஒட்டிக்கிட்டே இருக்கும். அவங்க ஒரு கம்பெனியோட சேர்ந்து புற்றுக்கட்டி வந்த பத்து நாய்க்குப் புது ஊசி போட்டுப் பார்க்குற வேலையை எடுத்திருந்தாங்க. மூணு ஊசி, மூணு வாரத்துக்கு ஒண்ணு. முத ஊசி அன்னைக்கு நாய்க்காரங்க பத்து பேரையும் வேப்பமரத்தடி பெஞ்சுல உக்கார வச்சு விளக்குனாங்க.

"உடம்புக்குள்ள காவலுக்குன்னே சில செல்லு இருக்குதுங்க. நோய்க்கிருமி வந்தா அதுங்கதான் பிடிச்சுத் திங்கும். இந்தக் கட்டி என்ன பண்ணுதுன்னா, 'நான் இந்த வீட்டு ஆளுதான்'னு சொல்லி அதுங்களை ஏமாத்தித் தூங்க வச்சிருது. நாங்க போடுற ஊசியில குட்டிக்குட்டித் துகள் இருக்குங்க. கண்ணுக்கே தெரியாது. அந்தக் காவல் செல்லு துகளை முழுங்கும். முழுங்குனதும் முழிச்சிக்கும். அப்புறம் கட்டியைச் சும்மா விடாது."

"அந்தத் துகள் உள்ளயே தங்கிரும்ல டாக்டரம்மா? கிட்னியில கல்லு மாதிரி?" அப்படின்னு மெடிக்கல் ஷாப் சண்முகராஜ் கேட்டாரு.

"தங்காதுங்க. ஆபரேசன் தையலுக்குத் தானா கரையிற நூல் இருக்குதல்லங்க, அதே சரக்குதான். இருபத்தியொரு நாள்ல கரைஞ்சு மூச்சாவும் மூத்திரமாவும் போயிரும்."

"அப்ப மூணு வாரம் முழிச்சிருக்கும், அப்புறம் திரும்பத் தூங்கிரும்?"

"அதுக்குத்தாங்க மூணு ஊசி."

ஒரே ஒரு கட்டுப்பாடு. கம்பெனி குடுக்குற காய்ஞ்ச சாப்பாட்டைத்தான் நாய்க்குப் போடணும். உருண்டை உருண்டையா மூட்டையில வரும். நாளைக்கு முந்நூறு கிராம், வேற எதுவும் கூடாது. எல்லா நாயும் ஒரே சாப்பாடு தின்னாத்தான் கணக்கு சரியா வரும்னாங்க. ஆளுக்கு ஒரு நோட்டு. தினமும் என்ன போட்டோம், எவ்வளவு தின்னுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அந்த நோட்டைக் கவனிக்கிறது என் பொறுப்பு. வீடு வீடாப் போயி, "எழுதாம விட்டா நாயை லிஸ்ட்ல இருந்து எடுத்திருவாங்க"ன்னு மிரட்டினதும் நான்தான்.

மூணு வாரம் கழிச்சு, ரெண்டாவது ஊசி அன்னைக்குக் கட்டியெல்லாம் அளந்தோம். ஏழு நாய்க்குக் கட்டி நல்லாச் சுருங்கியிருந்துச்சு. மூணு நாய்க்கு ஒண்ணுமே இல்ல. இல்லங்கிறது கூடத் தப்பு, வளர்ந்திருந்துச்சு. ஏழுக்கும் மூணுக்கும் என்ன வித்தியாசம்னு டாக்டரம்மா நாய்ச்சாதி பார்த்தாங்க, வயசு பார்த்தாங்க, எடை பார்த்தாங்க. ஒண்ணும் ஒத்து வரல. அந்த நேரத்துலதான் சிங்கம் சுண்டலை வாந்தி எடுத்துச்சு.

அதுக்குத்தான் ரொம்ப நல்லாக் குறைஞ்சிருந்தது.

"சாமி, மாலை போட்டுக்கிட்டு பொய் சொல்லலாமா?" அப்படின்னேன்.

"நான் எங்க சாமி பொய் சொன்னேன்? எங்க போய்த் தின்னுச்சோ தெரியலன்னேன். அடுப்பங்கரையில தின்னுச்சா, பூசை ரூம்புல தின்னுச்சான்னு எனக்கு நிசமாவே தெரியாது."

"கம்பெனிச் சாப்பாடு போடுறீங்களா இல்லையா?"

காளிராஜ் மாலையைத் தொட்டாரு.

"சாமி, அந்த மூட்டையைப் பிரிச்சாலே கோழிக்கழிவு வாடை. மாலை போட்ட வீட்ல கவிச்சு எப்படி வைக்கச் சொல்லுதீங்க? என் வீட்டம்மா மூணே நாள்தான் பொறுத்தா. மூட்டையைக் கொண்டுபோயி அவ தம்பி மீன் பண்ணையில கொட்டிட்டா. சிங்கத்துக்கு எங்களோட சேர்த்துத் தயிர்சாதம், பூசை அன்னைக்குச் சுண்டல். அதும் நாக்கைச் சப்புக்கொட்டித் திங்குது."

"நோட்டுல முந்நூறு கிராம்னு தினமும் கையெழுத்து இருக்கே?"

"அது என் வீட்டம்மா கையெழுத்து. அவ மாலை போடலைல்ல."

டாக்டரம்மா கையில சிரிஞ்சை வச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க முகத்துல கோவமே இல்ல. பரீட்சையில தெரியாத கேள்விக்குப் பக்கத்துப் பையன் பேப்பர்ல விடை தெரிஞ்ச மாதிரி ஒரு முகம்.

"அண்ணா, மாலை போட்ட வீடு மொத்தம் எத்தனைங்க?"

கார்த்திகை பொறந்தா எங்க ஊர்ல பாதித் தெரு கருப்பு வேட்டிதான். அன்னைக்குச் சாயங்காலமே பைக்கை எடுத்துக்கிட்டுப் பத்து வீட்டுக்கும் போனேன். நாய் குணமான ஏழு வீட்ல ஆறு வீடு மாலை போட்ட வீடு. ஆறுலயும் கம்பெனி மூட்டையை ஆளுக்கு ஒரு இடத்துல கொட்டியிருக்காங்க. நோட்டு மட்டும் சுத்தமா இருக்கு. குணமாகாத மூணு வீட்லயும் மாலை இல்ல.

"தயிர்தான் டாக்டரம்மா"ன்னு மறுநாள் காலையில சொன்னேன். "தயிர்சாதம்தான் மருந்து. இதைச் சொன்னா உலகமே நம்மளைத் திரும்பிப் பார்க்கும்."

"ஏழாவது வீடு?"

"ஏழாவது வீடு இஸ்ரவேல் வாத்தியார் வீடு. மாலையும் இல்ல, விரதமும் இல்ல."

"அப்ப அது எப்படிங்க குணமாச்சு?"

ரெண்டு நாள் வாத்தியார் வீட்டு எதிர்ல டீக்கடையில உக்காந்து பார்த்தேன். டீ மட்டும் ஒம்பது குடிச்சிருப்பேன். வாத்தியார் தவறாமக் கம்பெனிச் சாப்பாட்டைத் தட்டுல போட்டு வைக்காரு. நாய் மோந்து பார்க்குது. அவரு உள்ள போனதும் சுவரேறிக் குதிச்சுப் பக்கத்து பரோட்டாக் கடைக்குப் போகுது. கடை மாஸ்டர் மிச்ச பரோட்டாவைச் சால்னாவுல பிச்சுப் போட்டு இலையோட வைக்காரு. வாத்தியாரு தட்டுல இருக்கறதைத் தெருக்கோழி வந்து கொத்திட்டுப் போகுது. வாத்தியாரு வந்து காலித் தட்டைப் பார்த்துட்டு, "முந்நூறு கிராம், முழுதும் உண்டது"ன்னு எழுதுதாரு.

இதை டாக்டரம்மாகிட்ட சொன்னதும் அவங்க சிரிச்ச சிரிப்பு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டுச்சு. சிரிச்சு முடிச்சதும் சட்டுன்னு நிறுத்திட்டாங்க.

"அண்ணா, தயிர் இல்லைங்க."

"பரோட்டாவா?"

"பரோட்டாவும் இல்லைங்க. குணமான ஏழு நாயும் என்ன தின்னுச்சுன்னு பார்க்காதீங்க. என்ன திங்கலைன்னு பாருங்க."

அன்னைக்கு மத்தியானம் சிங்கத்தோட ரத்தம் ஒரு கண்ணாடிச் சில்லுல, குணமாகாத ஒரு நாயோட ரத்தம் இன்னொண்ணுல. துகள்ல பச்சைச் சாயம் ஏத்தி ரெண்டுலயும் விட்டு, மைக்ராஸ்கோப்புல வச்சு என்னைக் கூப்பிட்டாங்க.

"கண்ணை வச்சுப் பாருங்கண்ணா."

சிங்கத்தோட ரத்தத்துல உருண்டை உருண்டையாச் செல்லு. ஒவ்வொண்ணோட வயித்துக்குள்ளயும் பச்சையா மினுமினுன்னு இருந்துச்சு. பார்க்கவே அழகா இருந்துச்சு. அடுத்ததுல பச்சையெல்லாம் வெளியில, கட்டி கட்டியா, அப்பிக்கிட்டுக் கிடந்துச்சு. செல்லு பக்கத்துல போயி மோதுது, திரும்பி வருது. வாத்தியார் வீட்டு நாய் தட்டை மோந்து பார்த்துட்டுப் போன மாதிரி.

"அந்தச் சாப்பாடு உதிராம இருக்க ஒரு பசை சேர்த்திருக்காங்க. ரத்தம் வரைக்கும் வந்து துகள்மேல ஒட்டிக்குது. ஒட்டுன துகளைச் செல்லால முழுங்க முடியல."

"அப்ப அந்த மூணு நாய்க்கும் இன்னைக்கே நிறுத்திரலாமே?"

டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுனாங்க. கம்பெனிக்கு அவங்க எழுதுன மெயிலும், வந்த பதிலும். நான் இங்கிலீசுல எழுத்துக் கூட்டத்தான் தெரிஞ்ச ஆளு, அதனால அவங்களே சொன்னாங்க.

"தை மாசம் மதுரையில இதே ஊசியை மனுசங்களுக்குப் போடப் போறாங்க. நாப்பது பேரு. எல்லாரும் வேற வைத்தியம் பார்த்து முடியாம வந்தவங்க. அவங்களுக்குக் கூடவே ஒரு சத்துமாவு குடுக்குறாங்க, இதே கம்பெனி தயாரிப்பு. அதுலயும் இதே பசை இருக்குதுங்க. நோட்டுல என்ன இருந்தாலும் குணமான ஏழு நாயும் அந்தச் சாப்பாட்டைத் திங்கவே இல்லைன்னு சொல்லி, மாவை நிறுத்துங்கன்னு எழுதுனேன். கண்ணாடிச் சில்லுல பார்த்ததெல்லாம் சாட்சி ஆகாது, பத்துக்கு ஏழு தேறியிருக்கு, அதுவே வெற்றிதான்னு பதில் வந்திருக்கு. மாவை நிறுத்தணும்னா உயிருள்ள நாய்ல காட்டணுமாம்."

"எப்படிக் காட்டுறது?"

"இந்த மூணு நாயும் மூணாவது ஊசி வரைக்கும் அதே சாப்பாடு தின்னணும். அப்பவும் குறையலைன்னா, ஏழு பக்கம் ஒண்ணு, மூணு பக்கம் ஒண்ணுன்னு தெளிவாத் தெரிஞ்சிரும். இன்னும் ரெண்டு வாரம்தாங்க."

"குணமான நாய்க்குத் திரும்ப அந்தச் சாப்பாட்டைக் குடுத்துப் பார்த்தா?"

"நல்லாகிட்டு வர்ற நாயைத் திரும்ப நோயாளி ஆக்கச் சொல்றீங்களாண்ணா?"

"இந்த மூணும் ரெண்டு வாரம் தாங்குமா டாக்டரம்மா?"

"ரெண்டு தாங்கும்" அப்படின்னாங்க. மூணாவதைப் பத்திப் பேசல. "அவங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாதுங்க. சொன்னா நிறுத்திருவாங்க. நாப்பது மனுசங்கண்ணா."

நான் தலையாட்டுனேன்.

அந்த மூணாவது நாய் பேரு கார்டு. சிப்பிப்பாறை. வளத்தது பிரிசில்லா, ஊருக்கு வெளியே ரயில்வே கேட்ல வேலை. முப்பத்தெட்டு, நாப்பது வயசு இருக்கும். பாதிக் கேட்டெல்லாம் தானா மூட ஆரம்பிச்ச பிறகும் அந்தக் கேட்டுக்கு மட்டும் இன்னும் ஆளு வச்சிருந்தாங்க. கூட ஒரு ஆளு கிடையாது. நாய்தான் துணை. ஒவ்வொரு ரயிலுக்கும் அவங்க கொடி காட்டும்போது அதுவும் பக்கத்துல விறைப்பா நிக்குமாம். டிரைவருங்க அதுக்கும் சேர்த்துக் கையைக் காட்டிட்டுப் போவாங்களாம். அதனாலதான் கார்டுன்னு பேரு.

மூணு நாள் கழிச்சு நோட்டுப் பார்க்கப் போனேன். மத்தியானம் ரெண்டு மணி வெயிலு. கார்டு கேபின் நிழல்ல படுத்துக் கிடந்துச்சு. என்னைப் பார்த்து எந்திரிக்கல, வாலை மட்டும் ரெண்டு தட்டு தட்டுச்சு. கட்டி தொண்டைக்குப் பக்கத்துல. மூச்சு விடும்போது உர்ர்னு ஒரு சத்தம்.

பிரிசில்லா நோட்டை நீட்டுனாங்க. மத்தவங்க நோட்டு மாதிரி இல்ல அது. நேரம் போட்டு எழுதியிருந்தாங்க. 06.10, நூத்தம்பது கிராம். 18.40, நூத்தம்பது கிராம். நாங்க கேக்காததையும் எழுதியிருந்தாங்க. கட்டியைத் தினமும் அவங்களே அளந்திருந்தாங்க.

"எதை வச்சு அளக்கீங்க?"

"கேங் மேஸ்திரிகிட்ட தண்டவாளத் தேய்மானம் அளக்குற கருவி இருக்கும்லா, அதைக் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். முப்பத்தி மூணு மில்லிமீட்டர் இருந்துச்சு. இன்னைக்கு நாப்பத்தி ஒண்ணு."

"நல்லா எழுதியிருக்கீங்க" அப்படின்னேன். வேற என்ன சொல்ல?

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், உண்மையைச் சொல்லுங்க. அந்தச் சாமி வீட்டு நாய்க்கெல்லாம் குறைஞ்சிருச்சாம். பெஞ்சுல பேசிக்கிட்டாங்க. என் புள்ளைக்கு மட்டும் ஏன் குறையல? நான் எதுவும் தப்பாச் செஞ்சுட்டேனா? பத்து நிமிசம் முன்னப்பின்ன சாப்பாடு வச்சது ரெண்டு நாள் இருக்கு. மறைக்கல, அதையும் எழுதியிருக்கேன். அதனாலயா?"

நான் அவங்க முகத்தைப் பார்க்காம நாயைப் பார்த்தேன். நாய் என்னைப் பார்த்துச்சு. அது எதையும் கேக்கல. அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு, உர்ர், உர்ர்னு.

"நீங்க ஒரு தப்பும் செய்யலம்மா" அப்படின்னேன். "அதுதான் பிரச்சினை."

எல்லாத்தையும் சொல்லிட்டேன். சுண்டல், பரோட்டா, பசை, நாப்பது பேரு. எதையும் விடல.

அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. முடிக்கவும் கேபின்ல போன் அடிச்சுச்சு. எடுத்தாங்க. ரயில் வருது, கேட்டை மூடுங்கன்னு ஸ்டேசன்ல இருந்து ஒரு நம்பர் சொன்னாங்க போல. இவங்க திருப்பிச் சொன்னாங்க, கேட்டை மூடுனாங்க, மூடியாச்சுங்கிறதுக்கு இவங்க நம்பரைச் சொன்னாங்க, நோட்டுல எழுதுனாங்க. கொடியை எடுத்துக்கிட்டு வெளியே போயி நின்னாங்க. கார்டு எந்திரிக்கப் பார்த்துச்சு. முன்னங்கால் ரெண்டும் தான் எந்திரிச்சுச்சு.

ரயில் போச்சு. திரும்பி வந்தாங்க.

"அப்ப நானும் பொய்யா எழுதியிருந்தா, இது இந்நேரம் என்கூட நின்னுருக்கும்."

"ஆமா."

"வந்து மிரட்டுனீங்களே அண்ணாச்சி. எழுதாட்டி எடுத்திருவோம்னு."

"ஆமாம்மா."

அவங்க உள்ள போயி கம்பெனி மூட்டையை எடுத்துட்டு வந்து என் காலுக்குப் பக்கத்துல வச்சாங்க. தூக்குச்சட்டியைத் திறந்து அவங்க சாப்பாட்டுல பாதியைப் பிசைஞ்சாங்க. சோறும் ரசமும். அதை ஒவ்வொரு கவளமா நாய் வாய்ல ஊட்டுனாங்க. தொண்டையில இறங்குறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு.

நான் கிளம்பும்போது அந்தத் தப்பையும் செஞ்சேன்.

"நோட்டுல மட்டும் கம்பெனிச் சாப்பாடுன்னே எழுதிருங்கம்மா. மாத்துனது தெரிஞ்சா மூணாவது ஊசி போட மாட்டாங்க. எனக்கும் பென்சனுக்கு இன்னும் மூணு வருசம் இருக்கு."

அவங்க நிமிர்ந்தே பார்க்கல. "பதினாலு வருசமா ஒரு நம்பரை மாத்தி எழுதுனதில்ல" அப்படின்னாங்க. அது சரின்னு சொன்ன மாதிரியும் இல்ல, முடியாதுன்னு சொன்ன மாதிரியும் இல்ல. நான் சரின்னே எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்ல, போறதுக்கு முகம் இல்ல.

மூணாவது ஊசி நாள். மார்கழிப் பனி விலகல, மத்த ஏழுக்கும் முன்னாடியே அந்த மூணு நாயும் வந்துருச்சு. முதல்ல மெடிக்கல் ஷாப் சண்முகராஜ் நாய். அளந்தேன். பாதியாக் குறைஞ்சிருந்துச்சு. அந்த வீட்டுக்கு நான் எதுவும் சொல்லலையே. டாக்டரம்மா அளவை எழுதிக்கிட்டாங்க, ஒண்ணும் கேக்கல. அடுத்தது பேக்கரி கிறிஸ்துராஜ் நாய். அதுவும் பாதி. அதையும் பேசாம எழுதிக்கிட்டாங்க. ரெண்டு நோட்டையும் பார்த்தேன். தினமும் முந்நூறு கிராம் கம்பெனிச் சாப்பாடுன்னு அழகா எழுதியிருந்துச்சு.

கடைசியா கார்டு. தூக்கிட்டு வருவாங்கன்னு நினைச்சேன். நடந்து வந்துச்சு. பிரிசில்லா நோட்டை மேசைமேல வச்சுட்டு, "ரயிலுக்கு நேரமாச்சு, ஊசி போட்டுருங்க"ன்னாங்க. அளந்தேன். பதினெட்டு மில்லிமீட்டர். டாக்டரம்மாகிட்ட சொன்னேன்.

அவங்க கையில இருந்த பேனா அப்படியே நின்னுச்சு. ஊசியைப் போட்டு முடிச்சு, பிரிசில்லா நாயோட வாசலைத் தாண்டுற வரைக்கும் பொறுத்துக்கிட்டு, கதவைச் சாத்துனாங்க.

"இதுக்கு யாருங்க சொன்னது?"

அவங்க அந்தக் கேள்வியைக் கேட்ட விதத்துலதான் எனக்கு விளங்குச்சு. முதல் ரெண்டு நாய்க்கும் அவங்க ஏன் கேக்கலைங்கிறது.

"நான்தான் சொன்னேன் டாக்டரம்மா. அந்த ரெண்டுக்கும்?"

நாற்காலியில உக்காந்துட்டாங்க. "மெடிக்கல் ஷாப்காரரு போன் பண்ணி அழுதாருங்க. என்னால முடியல, சொல்லிட்டேன். ஒண்ணுக்குச் சொல்லிட்டு இன்னொண்ணுக்கு எப்படிச் சொல்லாம இருக்குறது? ஊசி நின்னுரக் கூடாதுன்னு, நோட்டுல மட்டும் கம்பெனிச் சாப்பாடுன்னே எழுதச் சொன்னதும் நான்தாங்க. பிரிசில்லா ஒருத்தங்களாவது இருக்காங்க, அவங்க நோட்டு சுத்தமா இருக்கும், ஒரு நாயாவது சாட்சிக்கு மிஞ்சும்னு நினைச்சேன்." அப்புறம், "அவங்க போன் பண்ணலைங்கண்ணா. அதனாலதான் அவங்களை விட்டுட்டேன்" அப்படின்னாங்க.

மூணு நாயும் பொழச்சிருச்சு. ஆனா காகிதத்துல பார்த்தா மூணும் கம்பெனிச் சாப்பாடு தின்னே பொழச்ச மாதிரி இருக்கு. பசையால ஒரு கெடுதலும் இல்லன்னு நாங்களே சாட்சி சொன்ன மாதிரி. தை மாசம் அந்த நாப்பது பேரும் மாவைக் கரைச்சுக் குடிப்பாங்க.

டாக்டரம்மா சும்மா கைக்கு வேலையா பிரிசில்லா நோட்டைப் பிரிச்சாங்க. பக்கத்தைத் திருப்பிக்கிட்டே வந்தவங்க நிமிர்ந்து உக்காந்தாங்க. அப்புறம் சத்தமா வாசிச்சாங்க.

"14.20. திரு. வெயிலுமுத்து நேரில் வந்தார். கம்பெனி உணவு மருந்தைத் தடுப்பதாகக் கூறினார். 14.35. கம்பெனி உணவு நிறுத்தப்பட்டது. கட்டி 41 மி.மீ. சோறும் ரசமும், நான்கு கவளம். 14.50. நோட்டில் மாற்றி எழுதும்படி திரு. வெயிலுமுத்து கேட்டார். மாற்றவில்லை."

அடுத்த நாள் 41. அதுக்கு அடுத்த நாள் 40. அப்புறம் 38, 35. ஒரு நாள் விடாம, காலை சாயங்காலம் ரெண்டு நேரமும், இன்னைக்கு வரைக்கும். ஒரே நாய், நிறுத்துறதுக்கு முன்னாடி ஏறுமுகம், நிறுத்துன பிறகு இறங்குமுகம்.

"அண்ணா, இது மூணு நாயைச் சாகவிட்டு எடுக்குற சாட்சியை விடப் பெருசுங்க" அப்படின்னாங்க. அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு. அப்புறம் குரல் இறங்கிருச்சு. "ஆனா உங்க பேரோட இருக்குது. அந்தப் பக்கம் இல்லாம இதை அனுப்ப முடியாது."

"அனுப்புங்க டாக்டரம்மா."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா மாட்டேன்னு சொல்லிருவேன். இப்பவே அனுப்புங்க."

பத்து நாள்ல விசாரணை வந்துச்சு. துறையில இருந்து ஒரு அதிகாரி, கம்பெனியில இருந்து ஒருத்தர். டாக்டரம்மா ரூம்புலயே உக்காந்தாங்க. பிரிசில்லா நோட்டை ரெண்டு தடவை முழுசாப் படிச்சிருந்தாங்க. கம்பெனிக்காரரு சின்ன வயசு, மரியாதையாத்தான் பேசுனாரு.

"இந்த நோட்டு தெளிவா இருக்கு. ஒத்துக்கிறோம். ஆனா மத்த ரெண்டு நோட்டும் இதுக்கு நேர்மாறா இருக்கே? அதுல கடைசி வரைக்கும் எங்க சாப்பாடு. கட்டியும் குறைஞ்சிருக்கு. ஒரு நாய் ஒண்ணு சொல்லுது, ரெண்டு நாய் வேற சொல்லுது. இதை வச்சு நாங்க எப்படி மாவை நிறுத்துறது?"

அதிகாரி என் பக்கம் திரும்புனாரு. "அந்த ரெண்டு வீட்லயும் சாப்பாட்டை நிறுத்துனாங்களா? நிறுத்துனாங்கன்னா, யாரு சொல்லி நிறுத்துனாங்க?"

டாக்டரம்மா வாயைத் திறந்தாங்க. எனக்கு அந்த ஒரு நொடியில ஓடுனது இதுதான். இவங்க பேரு வந்தா, இந்த வேலையில இருந்தே தூக்கிருவாங்க. தை மாசம் அங்க போயி அந்த நாப்பது பேரு பக்கத்துல நின்னு, இதைக் குடுக்காதீங்கன்னு சொல்லுறதுக்கு வேற ஆளு கிடையாது. நான் போயிட்டா நாய் வாயைக் கட்டுறதுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க.

"நான்தான் சார் சொன்னேன்" அப்படின்னேன். "மூணு வீட்டுக்கும்."

அதிகாரி டாக்டரம்மாவைப் பார்த்தாரு. அவங்க என்னைப் பார்த்தாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"அப்ப மூணும் பொருந்துது. மதுரையில மாவை நிறுத்தச் சொல்லி இன்னைக்கே எழுதிடுறேன்" அப்படின்னாரு கம்பெனிக்காரரு.

அதிகாரி ஒரு காகிதத்துல எழுதுனாரு. வீடு ஒண்ணு, வீடு ரெண்டு, வீடு மூணுன்னு தனித்தனியா, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல என் பேரு. எழுதி முடிச்சு என் பக்கம் தள்ளுனாரு.

"வாசிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

வாசிச்சேன். மூணு வரி இருந்துச்சு. அதுல ஒண்ணுதான் நிசம்.

போட்டேன்.